ரஜனிக்கு நான் எடுத்துக்கொடுத்த வசனம்

நவம்பர் 30, ஞாயிறு

கிறிஸ்து பிறப்புக்குக் காத்திருக்கும் வருகைக்காலத்தின் முதல் மெழுகுவர்த்தி ஏற்றினோம். நம்பிக்கையின் மெழுகுவர்த்தியாம். மண்சரிவில் தோட்டத்து நாலாம் லயத்து வீடுகள் போய் மூன்று நாளாகிறது; ரஜனியின் மகன் ரொஷான் இன்னும் மண்ணுக்குள். அவள் கோயில் தரையில் உருண்டு அழுதாள். ஆராதனை நடத்த முடியவில்லை. எனக்கு எரிச்சல் — ஆமாம், எரிச்சல்தான், இங்கே யாருக்குப் பொய் சொல்ல?

வாக்குத்தத்த அட்டைகளை வருஷா வருஷம் எழுதுகிறவள் நான். ஆளுக்கொன்று கண்ணை மூடிக்கொண்டு டின்னிலிருந்து எடுக்க வேண்டும்; கைக்கு வரும் வசனம் தேவன் அவரவருக்குத் தரும் வாக்கு. பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்ற வசனத்தை முன்பே உருவி வைத்திருந்து, அவளே எடுத்ததுபோல அவள் கையில் திணித்தேன். நானே சத்தமாக வாசித்தும் காட்டினேன். அழுகை நின்றது.

டிசம்பர் 3

பள்ளிக்கூட முகாமில் ரஜனி இரண்டு தட்டில் சோறு வாங்குகிறாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

போதகர் பிரசங்கத்தின் நடுவில் அவளை எழுப்பி நிறுத்தினார். வாக்கு மாறாத தேவனை நம்புகிற தாயைப் பாருங்கள் என்றார். சனம் கைதட்டியது. நானும் தட்டினேன், வெட்கங்கெட்டவள்.

டிசம்பர் 11

ஆமிக்காரர்கள் தோண்டுவதை நிறுத்திவிட்டார்கள். அகப்படாத ஆறு பேருக்கும் சரிவிலேயே சிலுவை நட்டு ஜெபித்தோம். தன் மகனுடைய சிலுவையை ரஜனி பிடுங்கி எறிந்தாள்.

டிசம்பர் 13

இன்றைக்குச் சொல்லிவிட்டேன். அந்த வசனம் தானாக வரவில்லை, நான்தான் பொறுக்கிக் கொடுத்தேன் என்று. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"உங்க கையால குடுக்க வச்சது யாரு டீச்சர்? அவருதானே" என்றாள்.

கடவுளே, இதுக்கு நான் என்னத்தச் சொல்ல? நீயாவது வாயத் தொறந்து சொல்லேன்.

டிசம்பர் 17

மண்சரிவு போய் விழுந்த ஆற்றில் வெகுதூரம் கீழே ஓர் உடல் அகப்பட்டது. பிரேத அறைக்கு ரஜனி என்னையும் கூட்டிப் போனாள். முகம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை. இடது காலில் இரண்டு விரல்கள் பிறவியிலேயே ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. செருப்பில்லாமல் என் வகுப்புக்கு வந்த கால் அது. எனக்கே தெரிந்தது, பெற்றவளுக்குத் தெரியாதா? ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு துணியை இழுத்து மூடினாள்.

"நீங்களே சொல்லுங்க டீச்சர். இது நம்ம ரொஷான் இல்லதானே?"

பொலிஸ்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? இரக்கமா, பயமா? அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னாள்.

டிசம்பர் 24

யாரும் கேட்டு வராத உடல் என்று இன்று புதைத்தார்கள். ரஜனிதான் என்னை வற்புறுத்திக் கூட்டிப் போனாள். குழி வெட்டிய இருவரைத் தவிர வேறு ஆளில்லை. சவப்பெட்டியை இறக்கியதும் அவள் குனிந்து மூன்று பிடி மண் போட்டாள்.

"பாவம், பெத்தவ வரல. அவளுக்குப் பதிலா நாமளாச்சும் போடுவோம்."

நானும் போட்டேன்.

கை கழுவக்கூட நிற்காமல் பஸ்ஸுக்கு ஓடினாள். நாளைக்கு நத்தார்ப் பண்டிகைக்கு ரொஷான் வந்தால், முகாமில் அம்மாவைக் காணாமல் தேடுவானாம்.