முத்தையா அண்ணாச்சிக்காக நீ தூக்காத கை

இன்று காலை மருமகள் இஞ்சி தட்டிப் போட்ட, பாலில்லாத கட்டன் சாயா கொதித்தது. அந்த வாசனை என்னை மூணாறு எஸ்டேட்டில், தொழிலாளர்களின் லயத்து வீட்டில், உன் அடுப்பு முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்தது. நீ சாயா ஆற்றி முதல் கிளாஸை முத்தையா அண்ணாச்சிக்குத்தான் நீட்டுவாய். பக்கத்தில் உன் தோழி நான் இருப்பேன். எனக்கு வயிறு எரியும்.

அவசரநிலைக்கு முந்திய காலம். கொழுந்து கிள்ளுகிற பெண்களில் ஒருத்தி கட்சிக் கிளையின் கமிட்டிக்கு வரவேண்டும் என்று உன் பெயரைச் சொன்னோம். அண்ணாச்சி எழுந்தார். வேலைநிறுத்தம் என்றால் முதலில் நிற்கிற மனுஷர். போலீஸ் அடியில் கை முறிந்தவர். ஆனால் பேச்சு இப்படி இருந்தது: "பொம்பளைங்க ஊர்வலத்துக்கு வரட்டும். கமிட்டியில என்ன சோலி? புள்ளைகுட்டிய யாரு பாப்பா?"

நான் கத்தினேன். "இப்படிப் பேசுற ஆளுக்குக் கட்சியில என்ன வேலை? வெளிய அனுப்புங்க!"

அவரை நீக்கச் சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். என் கை மேலே போய்விட்டது. எல்லோரும் உன்னைத்தான் பார்த்தார்கள். அவமானப்பட்டவள் நீ. நீயோ கைகளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாய்: "அவரு சொன்னது தப்பு. ஆனா வெளிய போனா இதை யாருகிட்டச் சொல்வாரு? அங்க மறுத்துப் பேச யாரும் இருக்க மாட்டாங்க."

தூக்கியிருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

பிறகு அவரிடம் திரும்பினாய். "அண்ணாச்சி, எனக்கு எதிரா ஓட்டுப் போடுங்க. ஆனா நான் ஜெயிச்சுட்டா கமிட்டி முடிவுக்குக் கட்டுப்படணும்."

"கட்டுப்படுதேன். ஒத்துக்கிட மாட்டேன்" என்றார்.

எதிராகவே ஓட்டுப் போட்டார். நீ ஜெயித்தாய்.

திரும்பி வரும்போது தேயிலைக்காட்டுப் பாதையில் கேட்டேன்: "அவருதான் ஒனக்கு வேணும், நான் வேண்டாம். அப்படித்தானட்டி?"

நீ சிரித்தாய். "நீ என்னைய விட்டுட்டு எங்க போவ? அவரு போயிருவாரு."

போகிறவனுக்குத்தான் உபசாரம், இருக்கிறவளுக்கு ஒன்றும் இல்லையா? அதன்பின் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. நீ அதைக் கவனித்தாயா என்றுகூடத் தெரியவில்லை.

அடுத்த வேலைநிறுத்தத்தில் தயங்கிய ஆண்களை வீடு வீடாகப் போய் அவர்தான் கூட்டிவந்தார். "கமிட்டி சொல்லிருக்கு" என்பார். உன் பெயரைச் சொல்லமாட்டார். தன் மனைவியை ஒரு கூட்டத்துக்கும் அவர் அனுப்பியதில்லை. அதற்காக நீ அவரோடு மணிக்கணக்காகச் சண்டை போடுவாய். நான் சும்மா கேட்டுக்கொண்டிருப்பேன்.

மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோன அன்று, "பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வரக்கூடாது" என்று வாசலில் நின்று சொன்னார். "நீங்க சொல்லிட்டீங்க அண்ணாச்சி. நான் வாறேன்" என்று நடந்தேன். அவர் தடுக்கவில்லை. வழி நெடுக என் பக்கத்திலேயே அழுதுகொண்டு வந்தார். அந்த அழுகையைக்கூட என்னால் பொறுக்க முடியவில்லை.

உன் இடத்தில் பிறகு நான் கமிட்டிக்குப் போனேன். அவரை நீக்க வேண்டும் என்று இளையவர்கள் வந்தபோது மறுத்தேன். பெருந்தன்மை என்றார்கள். அதெல்லாம் இல்லை. நீ சொன்ன எல்லாவற்றுக்கும் நான் சரி என்றேன். அவர் ஒவ்வொன்றுக்கும் முடியாது என்றார்; அவருக்குப் பதில் சொல்லத்தான் நீ மணிக்கணக்காகப் பேசினாய். அதனால் நீ பேசியதில் பாதி அவரிடம்தான் இருக்கிறது. என்னிடம் இருப்பது மீதிப் பாதி.