ஜமீனுக்கு மூச்சு வாங்கிய மிளகு மாதம்

பிப்ரவரி 11, செவ்வாய்
களத்தில் மிளகுச் சரத்தை மிதித்து உதிர்க்கிறோம். எல்லோருக்கும் தும்மல். என் வீட்டுக்காரர் தனபால் தும்மினால் மலைமேல் எங்கள் குண்டூர் நாடே திரும்பிப் பார்க்கும். எங்கள் நாய் ஜமீனும் சேர்ந்துகொண்டது. ஒரு வேலையும் செய்யாமல் சாப்பிடுவதால்தான் அதற்கு அந்தப் பேர்.

பிப்ரவரி 13, வியாழன்
ஜமீன் மூக்கில் கர்கர் என்று சத்தம். "மிளகுத் தூசி புள்ள. நமக்கு இல்லியா?" என்றார் இவர். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 15, சனி
மூட்டை கட்டியாச்சு, களம் கூட்டியாச்சு. எங்கள் தும்மல் நின்றுவிட்டது. ஜமீனுக்கு மட்டும் நிற்கவில்லை — ஏன்?

பிப்ரவரி 17, திங்கள்
காலையில் நல்ல பனி. ஜமீன் சும்மா படுத்துக்கிட்டே வாயைப் பிளந்து, வயிறு எக்கி எக்கி மூச்சு வாங்குது. ஓடவும் இல்ல, வெயிலும் இல்ல. ஒரு பக்க மூக்குல ரத்தம் வேற. கறிச்சோறு வச்சேன், மோந்துகூடப் பாக்கல. ஐயோ சாமி, இது போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?

"நாய்க்கு டாக்டரா? ஊரே சிரிக்கும்" என்றார் இவர்.

"சிரிக்கட்டுமுங்க. நீங்க வாரீங்களா, இல்ல நான் தூக்கிட்டு நடக்கட்டுமா?"

வண்டிச் சாவியை எடுத்தார்.

அன்றே மாலை
கால்நடை ஆஸ்பத்திரி இருக்கும் செம்மேடு வரை ஜமீன் சாக்குக்குள், தலை மட்டும் வெளியே, எங்களுக்கு நடுவில். வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் "பாத்துடா கண்ணு" என்றார் இவர். என்னிடம் இல்லை.

கால்நடை டாக்டர் அருணா முதலில் ஈறைப் பார்த்தார். வெளுத்திருந்தது. "ஓடையில தண்ணி குடிக்குமா?" என்று கேட்டார். தாகம் எடுக்கும்வரை காக்க வைத்து, மூக்குக்குக் கீழே ஒரு கிண்ணம் தண்ணீரை நீட்டினார். மூக்கிலிருந்து மெல்ல எட்டிப் பார்த்தது — ஓடையில் தண்ணீர் குடிக்கும்போது ஏறிய அட்டை! இடுக்கியால் பிடித்து இழுத்துவிட்டார். மிளகாம், தூசியாம்! ஜமீன் ஒரு தும்மல் போட்டு, வாயை மூடி, மூக்கால் மூச்சு விட்டது. அங்கேயே அழுதுவிட்டேன்.

"ஓடியாந்தோ வெயில்லயோ மூச்சு வாங்கினா, நிழல்ல போட்டுத் தண்ணி குடுங்க, அடங்கிரும். அடங்கலன்னாலோ, சும்மா இருக்கறப்பவே வாங்கினாலோ, ஈறு வெளுத்தாலோ, நீலமானாலோ, உடனே வந்துரணும்" என்றார் டாக்டர். இவர் தலையைத் தலையை ஆட்டினார்.

பிப்ரவரி 20, வியாழன்
கறிச்சோறு காலி. என் பங்கும் காலி.

மார்ச் 9, ஞாயிறு
ஜமீனுக்கு இப்போது குழாய்த் தண்ணீர்தான். பக்கத்து வீட்டுப் பொன்னாயி அக்காவிடம் இவர் ஈறு, நிழல் என்று பாடம் நடத்துகிறார். நாய்க்கு டாக்டரா என்று கேட்ட அதே வாய்!

மத்தியானம் விறகுக் கட்டோடு மேடேறி வந்தேன். மூச்சு இரைத்தது.

"நிழல்ல உக்காரு. வாயத் தொற" என்றார்.

"நான் என்ன நாயா?"

"தொற புள்ள. ஈறு பாக்கோணும்."

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். இவர் இத்தனை கிட்டத்தில் வந்து, இத்தனை கவலையாக என் முகத்தைப் பார்த்ததாக நினைவே இல்லை. மூச்சு எப்போதோ அடங்கிவிட்டது. நான்தான் வாயை மூடவில்லை.