ஆணியில் சாவி இல்லை

பைக் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அது தொங்கிய ஆணியிலேயே கணவனுக்கான சீட்டைக் குத்தினாள் பிந்து. அழுத்தி எழுதியதில் தாள் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது.

“மகளுக்க ஆபரேஷன் அன்னைக்கு, சிவராத்திரிக்கு சிவாலய ஓட்டம் ஓடி பன்னிரண்டு சிவன் கோயிலும் தொழுவேன்னு நேர்ந்தது நீங்க. போன வருசம் ஓடிட்டு வந்தேன்னு சொல்லி, ரெண்டு நாளு என்னைக் காலு தேய்க்க வச்சீங்க. நேத்துதான் உங்க கூட்டுக்காரன் போட்டோவைக் காட்டினான். ஒவ்வொரு கோயில் வாசல்லயும் பைக்குல இருந்துகிட்டு இளிக்கீங்க! பிள்ளைக்க நேர்ச்சையில உங்களுக்கு விளையாட்டா?

இந்த வருசம் நான் காலாலேயே ஓடுதேன்; நீங்க பைக்குல பின்னால வராம இருக்க சாவியும் என்கிட்டதான். ஓடும்போது கையில பிடிக்க உங்களுக்க விசிறியும், கட்டிக்க காவித்துண்டும் எடுத்தாச்சு. கஞ்சியும் பயறும் அடுப்படியில இருக்கு. மகளுக்கு எட்டு மணிக்கு மருந்து.

தைலம் அலமாரியில இருக்கு. வந்ததும் காலை நீட்டுவேன். நீங்க தேய்க்கணும்.”