முதலில் பதில் சொல்பவன்

மலை உச்சிகளில் ஏறி, ஹாம் ரேடியோ வயர்லெஸ்ஸில் ஊர் ஊராகக் கூப்பிட்டுப் பேசுவதென்றால் ஃபெமினாவுக்குப் பைத்தியம். அவள் கூப்பிட்டால் எப்போதும் முதலில் பதில் சொல்பவன் கொற்கையிலிருந்து பேசும் டைட்டஸ். வயர்லெஸ்ஸில் பேச லைசென்ஸ் இல்லாத அவள் புருஷன் ஜோன்ஸ், வீட்டுச் செட்டில் கேட்கலாமே தவிர வாய் திறக்கக் கூடாது. நேற்று டைட்டஸை வைத்துத்தான் இருவருக்கும் சண்டை. கோபத்தில், அவள் மலைக்குக் கொண்டுபோகும் செட்டுக்குச் சார்ஜ் போடாமல் படுத்தவன், விடியுமுன் மனசு கேளாமல் எழுந்து போட்டான். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். காலண்டர் தாளைக் கிழித்து எழுதினான்:

"ஃபெமினா, மீன்குழம்பைச் சுட வச்சிருக்கேன். சாப்பிட்டுட்டு மலையேறு. சாவியைத் தெரசா அக்காட்ட குடுத்துட்டுப் போ. டைட்டஸைப் பத்தி நான் பேசுனது தப்புதான். ஆனா அவன்கிட்டப் பேசுத குரல்ல நீ என்கிட்டப் பேசி எத்தனை நாளாச்சு? வயிறு எரியுதுளா.

நான் சென்னைக்கு ரயிலேறுதேன். கோவிச்சுக்கிட்டு இல்ல. நாளைக்கு எனக்கு லைசென்ஸ் பரீட்சை. உனக்குத் தெரியாமத்தான் படிச்சேன். பாஸாயிட்டா, நீ மலையில இருந்து கூப்பிடும்போது அவன் வாயத் தொறக்குமுன்ன நான் பேசிருவேன்."

செருப்பை மாட்டியவன் திரும்பி வந்து, தாளின் அடியில் நெருக்கி எழுதினான்:

"அதுவரைக்கும் அவன்கிட்டக் கொஞ்சம் கம்மியாச் சிரி."