வாசலில் வந்து கூப்பிட்டால்

மே 4
டோலோன் கணவாயில் இன்னும் பனி இருக்கிறது. வேன் இன்று நிறைந்துவிட்டது, பெண்கள்தான் அதிகம். பிஷ்கெக் வரை என் வேன், அங்கிருந்து விமானம், அப்புறம் மாஸ்கோ. பாத்திரம் கழுவ, கடை பெருக்க, யாரோ பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்ள. தான் பெற்றதை அக்கா வீட்டிலோ மாமியார் வீட்டிலோ விட்டுவிட்டுப் போகிறார்கள்.

வீடு திரும்பியதும் மேரிம் தேநீர் ஊற்றிக்கொண்டே, நாளைக்கு உருளைக்கிழங்கு நடலாமா என்று கேட்கிற குரலில் சொன்னாள். செப்டம்பர் 14-க்கு மாஸ்கோ டிக்கெட் போட்டுவிட்டாளாம். அவள் பெரியம்மா மகள் அங்கே வேலை பார்த்து வைத்திருக்கிறாள்.

"உங்க வேன்லதான் போவேன். முன் சீட்டு எனக்கு. பொண்டாட்டிகிட்ட காசு கேக்கக்கூடாது."

சிரித்துவிட்டேன். அப்புறம் சாப்பிட முடியவில்லை.

மே 5
அவள் மேல் என்ன தப்பு? நர்ஸ் படிப்பு படித்தவள். நம் ஊர் சுகாதார நிலையத்திலேயே நர்ஸ் வேலை காலியாகக் கிடக்கிறது, டாக்டரம்மா வீடு தேடி வந்து கேட்டார். ஆனால் மகள் செசிமை யார் பார்ப்பது? இரண்டரை வயது. நான் விடியும் முன் வண்டி எடுக்கிறவன். என் அம்மா இல்லை. மேரிமின் அம்மா ஓஷ் பக்கம். ஊரில் பால்வாடி கிடையாது. கூட்டுப்பண்ணைக் காலத்துப் பால்வாடிக் கட்டடத்தில் இப்போது வைக்கோல் அடைத்திருக்கிறார்கள். எங்கள் அக்-தெரெக்கில் வைக்கோலுக்கு இடம் இருக்கிறது, பிள்ளைக்குத்தான் இல்லை.

ஒரு சம்பாத்தியத்தில் குடும்பம் ஓடவில்லை. அதுவும் உண்மைதான். மேரிம் போனால் செசிம் ஓஷுக்குப் போவாள், பாட்டி வீட்டுக்கு. அப்புறம் இந்த வீட்டில் நான் யாரோடு பேசுவது? வேனிலேயே படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மே 11
புர்மாகான் அக்கா இன்று கூட்டம் போட்டார். பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவர், வாய்க்கு மூடி கிடையாது. மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்து, ஒரு வாக்குறுதி வாங்கி வந்திருக்கிறார். ஆகஸ்ட் முடிவதற்குள் பழைய கட்டடத்துக்குக் கூரை, தரை, செங்கல் அடுப்பு, கழிவறை எல்லாம் ஆகிவிட்டால் ஆசிரியைக்குச் சம்பளமும் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் அவர்கள் தருவார்களாம். கட்ட மட்டும் மாட்டார்கள்.

"கட்டறது நாமதான். ஊர் கூடி அஷார் போடுவோம்," என்றார் அக்கா.

பின்னே, இந்த ஊரில் எந்த வீடு கூலி கொடுத்து எழும்பியிருக்கிறது? என் வீட்டுச் சுவரே நாற்பது பேர் ஒரே நாளில் வந்து எழுப்பியது. நான் எழுந்து, ஆட்களைக் கூட்டுவது என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். மேரிம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 16
ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்: "ஞாயிறு காலை பால்வாடி அஷார். மண்வெட்டியோடு வரவும்." மழை மாதிரி வந்து விழுந்தன கட்டைவிரல்கள். மாஸ்கோவில் இருக்கிறவர்கள்கூடப் போட்டார்கள். மேரிமிடம் காட்டினேன், பெருமையாக.

மே 18
வந்தவர்கள்: புர்மாகான் அக்கா, மேரிம், நான், ஊராட்சித் தலைவர். அப்புறம் மதுமயக்கத்தில் வழிதவறி வந்த ஒருத்தர். அவர்தான் எங்களில் அதிகம் வேலை செய்தார்.

என்ன ஜனங்கடா இது. அவனவன் பிள்ளைக்குத்தானே கேக்கறேன். எனக்கா பால்வாடி? நான் என்ன, போய் உக்காந்து பொம்மை வெச்சு வெளையாடப் போறேனா?

மே 19
கோபத்தைப் புர்மாகான் அக்காவிடம் கொட்டினேன். அவர் முட்டைக்கோஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"தம்பி, நீ யாரு வீட்டு வாசல்ல போய் நின்னு கூப்பிட்ட?"

"அதான் எல்லாருக்கும் செய்தி போட்டேனே."

"சாவுக்கு மட்டும்தான் கூப்பிடாம போவாங்க. அஷாருக்கு வாசல்ல வந்து கூப்பிடணும். கட்டைவிரல் போட்டா பாத்துட்டேன்னு அர்த்தம். வர்றேன்னு எவன் சொன்னான்? சரி, அது யாரு வீட்டு அஷார்? எவன் ஆடு அறுத்துச் சோறு போடறான்? எவன் கெஞ்சிக் கேக்கறான்? சொந்தக்காரன் இல்லாத அஷாருக்குப் போனா, போனவன் மரியாதைதான் போகும்."

எல்லாருடையதும் என்று நினைத்தேன். எல்லாருடையதும் என்றால் யாருடையதும் இல்லை என்று ஊர் புரிந்துகொண்டிருக்கிறது. இதே ஊரில் பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். போன் இருக்கிறதே என்று மறந்துவிட்டேன்.

மே 20
இது என் வீட்டு அஷார் என்று சொல்லிவிடுகிறேன் என்றேன் மேரிமிடம். ஆடு? யோசித்துக்கொண்டே இருந்தேன். அவள் செசிமுக்குத் தலைவாரிக்கொண்டே சொன்னாள்:

"என்னை வழியனுப்பற விருந்துக்குன்னு ஒண்ணு கட்டி வெச்சு தீனி போடறீங்களே. அத அறுங்க."

"அப்ப உன் விருந்துக்கு?"

"அத அப்ப பாத்துக்கலாம்."

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் மாற்றிச் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

மே 24
இரண்டு நாளாக வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார வைத்துத் தேநீர். வயிறு மத்தளமாகிவிட்டது. "வந்து கை குடுக்கணும்" என்று சொன்ன உடனே, "அட, வராம எங்க போவோம்" என்கிறார்கள், போன வாரம் வராதவர்கள் எல்லாரும்.

கடைசிக்கு ஓஸ்கொன் அண்ணன் வீட்டை வைத்திருந்தேன். தள்ளிப்போட்டிருந்தேன் என்பதுதான் சரி. இந்தப் பக்கத்தில் அவரைத் தவிர ஒழுங்காகப் புகை போகிற அடுப்பு கட்ட ஆளில்லை. ஆனால் மூன்று வருடமாக என்னோடு பேசுவதில்லை. அவர் மனைவி சினார் அக்கா மாஸ்கோவுக்குப் போனது என் வேனில். அவர்களுடைய மகள் ஜிபேக்குக்கு அப்போது ஐந்து வயது. நான் ஏற்றாவிட்டால் வேறு வேன் இல்லையா? இருக்கிறது. ஆனாலும் யார் மேலாவது கோபப்பட வேண்டுமே மனுஷன்.

"எதுக்கு வந்த?"

"நாளைக்கு என் வீட்டு அஷார்ண்ணே. நீங்க வந்து கை குடுக்கணும்."

"அந்த வைக்கோல் கொட்டாய் எப்ப உன் வீடாச்சு?"

"இந்த வாரம்தான்."

"என் பொண்டாட்டிய ஏத்திட்டுப் போனவன் நீ."

"ஆமாண்ணே. இப்ப என் பொண்டாட்டி முன் சீட்டுக்குச் சொல்லி வெச்சிருக்கா."

உள்ளே போய் ரொட்டி எடுத்து வந்து நீட்டினார். வாசலுக்கு வந்தவனை ரொட்டி பிட்டுச் சாப்பிடாமல் அனுப்பக் கூடாது, அவ்வளவுதான். வருகிறேன் என்று சொல்லவில்லை.

மே 25
ஊரே வந்தது. எழுதக் கை ஓடவில்லை, முதுகு ஒடிந்துவிட்டது. வைக்கோலைக் களிமண்ணில் போட்டுக் குதிரைகளை விட்டு மிதிக்க வைத்தோம். சாயங்காலத்துக்குள் மூன்று சுவர் பூசியாகிவிட்டது. சாப்பாட்டில் யாருக்கு எந்த எலும்பு என்ற வழக்கமான சண்டையும் வந்தது. சண்டை வந்தால்தானே அது அஷார்.

ஓஸ்கொன் அண்ணன் வந்தார். என்னைத் தவிர எல்லாரிடமும் பேசினார்.

ஜூன் 15
பாதி ஊர் ஆட்டை ஓட்டிக்கொண்டு மலை மேய்ச்சலுக்குப் போய்விட்டது. இருந்தாலும் ஞாயிறு தவறாமல் நாலு பேராவது இறங்கி வருகிறார்கள். கூரை முடிந்தது. செசிம் அந்தக் கட்டடத்துக்கு 'என் வீடு' என்று பெயர் வைத்திருக்கிறாள். வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்.

ஜூலை 21
இடி விழுந்த மாதிரி ஒரு செய்தி. மாவட்டக் கல்வி அலுவலகத்து அதிகாரியம்மா பேசினார். பயிற்சி பெற்ற ஆசிரியை ஒருவர் இல்லாமல் திறக்க அனுமதி தர மாட்டார்களாம். வெளியூரிலிருந்து இந்த ஊர்க் குளிருக்கு யார் வருவார்? எங்கள் ஊரில் பால்வாடி ஆசிரியைக்குப் படித்தவர் ஒரே ஒருத்தர்தான்.

சினார் அக்கா. மாஸ்கோவில், ஏதோ ஓட்டலில், தட்டு கழுவிக்கொண்டிருக்கிறார்.

ஜூலை 23
மேரிம் அவரோடு வெகுநேரம் போனில் பேசினாள். பேசி முடித்து என்னிடம் வந்தபோது கண் சிவந்திருந்தது. சினார் அக்கா சொன்னாராம்: "என்னை யாரு கூப்பிட்டா? நாலு மாசத்துல திரும்பறேன்னு வந்தவதான். நான் மூணு வருஷமா வாட்ஸ்அப்ல பேசிப் பேசி அனுப்பறேன். அவரு கட்டைவிரல் அனுப்பறாரு. வேணாம்னு ஆயிட்டவ வீட்டுக்குள்ள எப்படி வந்து நிக்கறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. மேரிமின் கண்ணைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

ஜூலை 27
ஓஸ்கொன் அண்ணன் அடுப்பு கட்டிக்கொண்டிருந்தார். செங்கல் எடுத்துக் கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் போனேன்.

"அண்ணே, அக்காவக் கூப்பிடுங்க."

"வர்றவ வரட்டும். நானா போகச் சொன்னேன்?"

"போகாதேன்னும் சொல்லலியேண்ணே."

கரண்டியைக் கீழே வைத்தார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அதற்குள் வாசலிலிருந்து புர்மாகான் அக்கா குரல் கொடுத்தார்:

"எதிர் வீட்டு அஷாருக்கே வாசல்ல வந்து கூப்பிட்டாத்தான் போவாரு இவரு. ஆனா கட்டின பொண்டாட்டி மட்டும் கட்டைவிரலப் பாத்துட்டு ஓடி வந்துடணும். நல்லா இருக்குய்யா உங்க நியாயம்."

அண்ணன் அடுப்பை முடிக்காமல் போய்விட்டார். போச்சு. அடுப்பும் போச்சு. ஏன் வாயைத் திறந்தேன்?

ஆகஸ்ட் 3
அடுப்பு பாதியில் நிற்கிறது. மேரிம் பெட்டியைத் தூசி தட்டி வெயிலில் வைத்திருக்கிறாள். செசிம் அதற்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறாள்.

ஆகஸ்ட் 12
காலையில் வேன் பக்கத்தில் ஓர் ஆள். கல்யாணக் கோட்டு, வெள்ளைக் கம்பளித் தொப்பி, கையில் ஒரு பை நிறையக் காய்ந்த தயிர் உருண்டை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஓஸ்கொன் அண்ணன்.

"அடுப்ப நேத்தே முடிச்சுட்டேன். புகை போகுதான்னு பாத்துக்க."

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க?"

"மாஸ்கோ."

"வேலைக்கா?"

"கூப்பிட."

முன் சீட்டில் உட்கார வைத்தேன். மனுஷன் நாரின் நகரத்தைத் தாண்டியதில்லை. கணவாய் உச்சியில் மெதுவாகக் கேட்டார்: "அவ இருக்கறது ஒம்பதாம் மாடியாம். அங்க எது வாசல்? கீழ நின்னு கூப்பிடறதா, மேல ஏறிக் கூப்பிடறதா?"

"மேல ஏறியே கூப்பிடுங்கண்ணே," என்றேன். ரோட்டைப் பார்த்தபடியே சொன்னேன், வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

ஆகஸ்ட் 13
ஜிபேக் எங்கள் வீட்டில் இருக்கிறாள். எட்டு வயதுக்கு அதிகம் பேசாத பிள்ளை. மேரிமுக்குப் பக்கத்தில்தான் படுக்கிறாள், அவள் கம்மல் ஒன்றை விரலால் பிடித்துக்கொண்டு.

ஆகஸ்ட் 20
செய்தி இல்லை.

ஆகஸ்ட் 29
பிஷ்கெக்கிலிருந்து கூட்டி வந்துவிட்டேன், இருவரையும். வழியெல்லாம் அண்ணன் மாஸ்கோவைத் திட்டிக்கொண்டே வந்தார். படி அதிகமாம், ரொட்டி புளிக்கிறதாம். சினார் அக்காவின் கையைப் பார்த்தேன், சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறித் தோல் உரிந்திருந்தது.

எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தினேன். ஜிபேக் மேரிமுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். சினார் அக்கா வாசலைத் தாண்டவில்லை, கூப்பிடவும் வாய் வரவில்லை. அப்படியே நின்றார். ஜிபேக் உள்ளே ஓடிவிட்டாள். போச்சு என்று நினைத்தேன். திரும்பி வந்தாள், இரண்டு கையிலும் ரொட்டித் தட்டு. விருந்தாளிக்கு நீட்டுகிற மாதிரி நீட்டினாள். அந்த அம்மா ஒரு துண்டு பிட்டு வாயில் வைத்தார்.

மேரிம் உள்ளே போய் அழுதாள். நான் வேனுக்குக் காற்று பார்க்கப் போனேன். சக்கரத்தில் காற்று சரியாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 1
திறந்துவிட்டார்கள். மாவட்டத்து அம்மா அடுப்பைத் தட்டிப் பார்த்தார், கழிவறையைப் பார்த்தார், சினார் அக்காவின் சான்றிதழைப் பார்த்தார், மூன்று தட்டு சோறு சாப்பிட்டார். செசிமை அழைத்துக்கொண்டு போனோம். அழுவாள் என்று மேரிம் பையில் இனிப்பெல்லாம் எடுத்து வந்திருந்தாள். செசிம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துரோகி.

செப்டம்பர் 6
மேரிம் சுகாதார நிலையத்துக்குப் போய் டாக்டரம்மாவைப் பார்த்து வந்தாள். டிக்கெட்டைப் பற்றிப் பேச்சில்லை. பெட்டி இன்னும் அறையில்தான் இருக்கிறது. நான் கேட்க மாட்டேன். கேட்கவா?

செப்டம்பர் 7
கேட்டுவிட்டேன். அடுப்படியில் இருந்தாள். வாசலுக்குப் போய், வெளியே நின்று, ஊரான் மாதிரி குரல் கொடுத்தேன்: "மேரிம், வீட்ல இருக்கியா?"

மாவுக் கையோடு வந்தாள். "என்ன ஆச்சு உங்களுக்கு?"

"போகாதே," என்றேன். மே மாதத்திலிருந்து ஊரெல்லாம் கெஞ்சினேன், இவளிடம் மட்டும் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கவில்லை.

"செசிம் அப்பா," என்றாள், கோபம் வந்தால்தான் அப்படிக் கூப்பிடுவாள், "இத மே மாசமே சொல்றதுக்கு என்ன? டிக்கெட்டு முழுக் காசும் கெடச்சிருக்கும்."

செப்டம்பர் 14
மேரிமின் விமானம் இன்று அவள் இல்லாமல் போயிருக்கும். அவள் இந்நேரம் யாருக்காவது ஊசி போட்டுக்கொண்டிருப்பாள். கை லேசான கை, வலிக்காது.

வேனில் பாதிதான் ஆள். ஆப்பிள் மூட்டை, ஒரு மாப்பிள்ளை வீட்டார், கண் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு பெரியவர். இப்படியே போனால் என் பிழைப்புக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

ஒன்று எழுத வேண்டும். ஊர் எல்லை தாண்டும்வரை வேனில் பாட்டைச் சத்தமாக வைப்பது இத்தனை வருட வழக்கம். பிள்ளைகள் பின்னால் அழுதுகொண்டு ஓடிவருவது உள்ளே கேட்கக் கூடாது என்றுதான். யாரிடமும் சொன்னதில்லை. இன்று கணவாய் ஏறும்போதுதான் கவனித்தேன், பாட்டே போடவில்லை.