பதினொரு கடிதங்கள்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று முதல் ஆளுக்கு ஒரு நாளைக்கு இருபது கேள்வி. மேலிடத்து உத்தரவு. கம்பெனி வாங்கிப் போட்டிருக்கும் ஏஐ உதவியாளரை எந்தக் குழு எவ்வளவு பயன்படுத்துகிறது என்று எண்ணப் போகிறார்களாம். "என்ன கேட்டாலும் பரவாயில்ல, எண்ணிக்கை வரணும்," என்றார் மேலாளர். ஆறு பேரும் தலையாட்டினோம்.

பத்தொன்பது வருடமாகப் பெரிய நிறுவனங்களுக்கு விடுப்பு மென்பொருள் செய்கிறேன். ஒருவர் லீவு கேட்க, இன்னொருவர் சரி என்று அமுக்க. என்னுடைய லீவு நாற்பத்தோரு நாள் அப்படியே கிடக்கிறது.

பிப்ரவரி 6, வெள்ளி

பதினான்கு கேள்விக்குமேல் கேட்க ஒன்றுமில்லை. முணுமுணுப்பு (எதிர் இருக்கைக்காரர், வாய்க்குள்ளேயே பேசுவார்) ஒரே கோப்பைத் தினமும் சுருக்கித் தரச் சொல்கிறார். "அதுவும் சலிக்காம சுருக்குதுங்க." நான் வாஷிங் மெஷின் ஏன் உறுமுகிறது என்று கேட்டேன்.

பிப்ரவரி 12, வியாழன்

மகள் பள்ளியில் பரிசு வாங்கி மூன்று நாள் ஆகிறதாம். அவள் அப்பா சொல்லி இன்றுதான் தெரியும். ஏன்டி சொல்லல என்றேன். "நீ போன்ல இருந்தம்மா." குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருக்கலாமே.

இருபதாவது கேள்வியாக ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதித் தரச் சொன்னேன். நாலு நொடியில் தந்தது. "இங்கு கழித்த நாட்கள் என்னைச் செதுக்கின" என்று ஒரு வரி. என்னையா? மூடிவிட்டேன்.

பிப்ரவரி 19, வியாழன்

இன்னும் மூன்று முறை கேட்டாயிற்று. உருக்கமாக ஒன்று, கறாராக ஒன்று, காரணமே சொல்லாமல் ஒன்று. எதையும் அனுப்பவில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

கூட்டத்தில் மேலாளர் மேலிடத்து அறிக்கையைத் திரையில் போட்டார். முன்கூட்டிப் பார்க்கவில்லை போலிருக்கிறது. எண்ணிக்கையில் எங்கள் குழு முதலிடம். கீழே, அதிகம் கேட்கப்பட்டவை. ஆள் பெயர் கிடையாது. கோப்புச் சுருக்கம் 212. வீட்டுச் சாமான் பழுது 38. ராஜினாமாக் கடிதம் 11.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின கதை. மேலாளர் அவசரமாக அடுத்த பக்கத்துக்குப் போனார்.

காபி மெஷின் பக்கம் மெதுவாக ஆரம்பித்தேன், என்னுடையது நாலு என்று. "எனக்கு மூணு," என்றார் முணுமுணுப்பு, முதன்முறையாகத் தெளிவாக. டெஸ்டிங் பார்க்கும் அக்கா, "எனக்கு ரெண்டு. ஒண்ணு என் தம்பிக்கு," என்றார். மற்ற மூவரும் கேட்டதே இல்லை என்று சத்தியம் செய்தார்கள். ஆக ஒன்பது. மீதி இரண்டு யாருடையது?

மார்ச் 9, திங்கள்

மேலாளர் வேலையை விட்டுப் போகிறார். எல்லோருக்கும் மின்னஞ்சல். மூன்றாவது வரியில், "இங்கு கழித்த நாட்கள் என்னைச் செதுக்கின."

குழுக் கணக்கில் அவரும் சேர்த்தி என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவே இல்லை.

சிரிக்கலாம். சிரிப்பு வரல. எனக்கு முடியலன்னு இந்த மனுஷன்கிட்ட சொல்ல எத்தனை நாள் பயந்தேன். அவரும் எங்க முன்னாடி பயந்துகிட்டுத்தான் இருந்திருக்காரு. ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் — அவரோ, நானோ.

மார்ச் 11, புதன்

அவர் நாற்காலி எனக்காம். யோசித்துச் சொல்கிறேன் என்பதற்குள் உட்கார வைத்துவிட்டார்கள்.

மார்ச் 20, வெள்ளி

அறிக்கை இப்போது எனக்கு வருகிறது. ராஜினாமாக் கடிதம் 0. யார் இனி அதில் கேட்பார்கள்? கீழே ஒரு குறிப்பு: உங்கள் குழுவின் மனநிலை வெகுவாக முன்னேறியுள்ளது, பாராட்டுகள். எதிரே முணுமுணுப்பு அதே கோப்பைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் ஒரு தாள் கேட்டேன். நோட்டிலிருந்து கிழித்துக் கொடுத்தாள். "எதுக்கும்மா?"

"லெட்டர் எழுதணும்."

நாலே வரி. செதுக்கின, கிதுக்கின எல்லாம் இல்லை. எனக்கு முடியவில்லை, போகிறேன், அவ்வளவுதான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் படித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள்.

"தேதி போடலியேம்மா."

திங்கட்கிழமைத் தேதியைப் போட்டேன்.