மிளகாய் வத்தல் நாட் அவைலபிள்

ஜூன் 2, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. துணி ஒன்றும் காயவில்லை. இவர் வேலை பார்க்கும் ஆரியசாலைக் கடையை ஆடியோடு மூடப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த வத்தல், மல்லி மூட்டைகளோடு நின்ற மனுஷன்.
வழி இரண்டு. விழிஞ்ஞம் துறைமுகம் பக்கம் ஒரு குடோனில் ஸ்டோர் வேலை. அதற்கு ஆரம்ப இங்கிலீஷ் பரீட்சை பாஸாகணும். இல்லாவிட்டால் கோவில்பட்டியில் இவர் அண்ணன் கடை. அவர் அங்கே, பிளஸ் டூ மகளோடும் தையல் வேலையோடும் நான் இங்கே.
மகளிடம் படிக்கக் கூச்சமாம். நான்தான் வாத்தியார். இன்றைய வார்த்தைகள்: இன்வாய்ஸ், டெலிவரி, ரிசீவ்டு, அட்டாச்டு. "அட்டாச்டு பாத்ரூம் தெரியும்," என்றார். ஆள் தேறிவிடுவார்.

ஜூன் 4, புதன்
விட்டு விட்டு மழை. மிக்ஸி, ஃபேன், அரிசி டப்பா எல்லாவற்றிலும் மகள் ஒட்டிய இங்கிலீஷ் சீட்டு.
மெயில் பாடம். ஒருவர் மிளகாய் வத்தல் கேட்கிறார், சரக்கு இல்லை, பதில் எழுதணும். 'டியர் சார்' அழகாகப் போட்டார். அப்புறம் பேனா நகரவில்லை. கடைசியில் 'சில்லி கமிங் டுமாரோ'.
"அது பொய்யில்லியாங்க? சரக்குதான் இல்லையே."
"கடையில நின்னுக்கிட்டு இல்லைன்னு சொல்லலாமா? தீந்து போனாலும் நெறஞ்சிருக்குன்னுதான் சொல்லணும். முதலாளி மொத நாளே சொன்னது."
"இது கடை இல்ல, பரீட்சை. அதுவும் இங்கிலீஷு."
"இங்கிலீஷ்ல சொன்னா லட்சுமிக்குப் புரியாதாக்கும்?"
எனக்கும் மகளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. அப்புறம் கோபம் வந்தது எனக்கு. இந்த ஒரு வார்த்தைக்காகவா கோவில்பட்டி?
இடையில் அண்ணன் போன். "எப்பம்டே வார?" இவர், "வாரேண்ணே, வாரேன்." அங்கேயும் 'இல்லை' வாயில் வரவில்லை.

ஜூன் 8, ஞாயிறு
பரீட்சை. வானம் மூடாக்கு. பஸ்ஸில் வழியெல்லாம் 'தாங்க் யூ ஃபார் யுவர் மெயில்' முணுமுணுப்பு. பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். வாசலில் ஹால் டிக்கெட் வாங்கிப் பார்த்த பெண், "அங்கிளே, டென்ஷன் அடிக்கண்டா, கேட்டோ," என்று மலையாளத்தில் தைரியம் சொன்னாள். நல்லா இருக்கட்டும்.
முகம் வாடி வெளியே வந்தார்.
"அதே கேள்விதான் வந்துச்சு. வத்தலுக்குப் பதிலா சோப்பு."
"என்ன எழுதுனீங்க?"
"நாட் அவைலபிள்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், எதையோ திருடிவிட்டவர் மாதிரி.
அங்கேயே கட்டிப்பிடிக்கணும் போலிருந்தது. சுற்றிலும் ஆட்கள். பையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.
வரும் வழியில் ஒரு பாக்கெட் கல் உப்பு வாங்கினார். வீட்டில் இருக்கிறதே என்றேன். "இல்லைன்னு எழுதிட்டம்லா. லட்சுமியக் கையோட கூட்டிட்டுப் போயிருவோம்."

ஜூன் 11, புதன்
அப்பாடா, வெயில். போர்வை காய்ந்தது. ரிசல்ட் இன்னும் வரவில்லை.
விளக்கு வைத்த கையோடு அண்ணன் போன். ஸ்பீக்கரில். "ஒனக்காவ வேற ஆளு போடாம வச்சிருக்கேன். வாரியா இல்லியாடே?"
ரசம் தாளிக்கப் போனவள் அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன்.
"இல்லண்ணே. நான் வரல."
அண்ணனிடமிருந்து ஒரே திட்டு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரிண்ணே," என்று வைத்தார்.
"ரிசல்ட் வரட்டும்னு சொல்லிருக்கலாம்லா? பெயிலாயிட்டா?"
"பெயிலானா மறுபடி எழுதுதேன். ஒன்னைய விட்டுட்டு அங்க போயி என்னத்தப் பண்ண?"
அட மனுஷா! இத்தனை வருஷத்தில் ஒரு தடவை இப்படிப் பேசியதுண்டா? அழுதேவிட்டேன். முந்தானையால் துடைத்துக்கொண்டு பார்த்தால், சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடுகிறார்.
"எங்க கெளம்பிட்டீங்க?"
"வெளக்கு வச்ச நேரத்துல இல்லைன்னு சொல்லிட்டம்லா. உப்பு வாங்கிட்டு வாரேன்."
ஜாடி தளும்ப உப்பு இருக்கிறது. வாங்கி வரட்டும்.